மாடிக்கு வந்த விருந்தாளி

தாள் வெள்ளையாக இருந்தது.

மாவட்ட அலுவலகத்து ஆள் சிவநேசன் அதை மிஷினிலிருந்து இடுக்கியால் எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கினான். இப்படியும் அப்படியும் திருப்பினான். சலவைக்குப் போட்டு எடுத்தது போல இருந்தது.

மிஷினுக்கு மாடியில் இடம் கொடுத்திருந்த அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்து, பளிங்கு மாதிரி வைத்திருக்கிறீர்களே என்று சொன்னால் வருமே, அந்தப் பெருமை.

"உங்க மாடிக் காத்து ஊட்டிக் காத்துங்க்கா," என்றான் அவன்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வளர்மதி அக்கா கைப்பிடிச் சுவர் வரை வந்துவிட்டாள்.

"ஊட்டியா? அப்ப புள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் எடுக்கோணுமாட்டம் இருக்குது. ஏந்தம்பி, கண்ணு நல்லாத் தெரியுதா உனக்கு?"

"நானும் நம்பலைங்க. ஆனா எங்களுக்குத் தாள் சொல்றதுதான் கணக்கு."

அக்கா சிரிக்கவில்லை.

தெருக்கோடியில் கல் உடைக்கும் ஆலை. சோற்றுப் பானையை மூட மறந்தால் பல்லில் மண் கடிபடும். அதை ஒட்டியே இன்னொன்று வரப்போகிறது. வந்தால் பேரூராட்சிக்கு வருமானம், வீட்டு வரியை ஏற்றவே மாட்டோம் என்று தலைவர் மைக் வைத்துச் சொல்லிவிட்டார். பாதித் தெரு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

மீதிப் பாதியை வளர்மதி அக்காதான் இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள். மாவட்ட அலுவலகத்தில் படியேறிப் படியேறிச் சண்டை பிடித்து, காற்றை அளக்கும் இந்த மிஷினை வரவழைத்ததும் அவள்தான். "உன்ற மாடியிலயே வெச்சுக்கலாம் கண்ணு. உன்ற புள்ளைக்குத்தான மூச்சு வாங்குது."

நாளைக்குக் கூட்டம். இரண்டாவது ஆலைக்கு அனுமதி உண்டா, இல்லையா என்று இந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

கீழே மகள் இருமினாள். இருமலுக்குப் பின்னால் வரும் அந்த விசில் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

சிவநேசன் மிஷினின் தலைப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். சின்னத் தகரக் கூரை போல ஒன்று.

"இதென்னுங்க தம்பி?" வீட்டுக்காரி சும்மாதான் கேட்டாள்.

"இதுதாங்க மூக்கு. இது வழியாத்தான் காத்தை உள்ள இழுக்கும். அதுல இருக்கற தூசிதான் தாள்ல படியும்."

மூக்கு.

அந்தத் தெருவில் எல்லா ஜன்னலிலும் ஈரத்துணி தொங்கும். பழைய சேலை, பழைய வேட்டி, எது கிடைக்கிறதோ அது. நனைத்துப் பிழிந்து கட்டிவிட்டால் தூசி துணியோடு நின்றுவிடும். மகளின் ஜன்னலுக்கு அவள் இரவும் பகலும் மாற்றிக்கொண்டே இருப்பாள்.

மிஷின் வந்த அன்றைக்கே அதற்கும் கட்டிவிட்டாள்.

யாரும் சொல்லவில்லை. விலை உயர்ந்த பொருள். நம்மை நம்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். தூசி அடைத்துக் கெட்டுப்போனால்? கணவரின் வேட்டி ஒன்றை நனைத்து, குளித்து வந்த பிள்ளைக்குத் துண்டு சுற்றுவது போல அந்தத் தகரத் தலையைச் சுற்றிவிட்டாள். காயக் காய நனைத்தாள். சந்தில் சிவநேசனின் பைக் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் உருவிவிடுவாள். கிழிந்த வேட்டியைப் பார்த்தால் அவன் என்ன நினைப்பான்?

இன்றைக்கும் உருவினாள்.

அவன் தாளை உறையில் போட்டு ஒட்டினான். மிஷினைத் தூக்கிப்போக ஆள் வரும் என்றான்.

வளர்மதி அக்கா இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"விடு கண்ணு. ஆலைக்காரனுங்க மிஷினையே வெலைக்கு வாங்கிட்டானுங்களாட்டம் இருக்குது."



வேட்டி கட்டியதைச் சொன்னால் இனி அவள் குழாயடியில் எந்த முகத்தோடு போய்க் குடம் வைப்பது? சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மிஷினைத்தான் திட்டுவார்கள். அதற்கு ரோஷமா, மானமா?

கீழே மறுபடி அந்த விசில்.

சிவநேசன் பையைத் தோளில் மாட்டினான். "வரட்டுங்களாக்கா?"

அவனுக்கு முன்னால் அவள் போனாள். மேல்படியில் உட்கார்ந்தாள். குறுகலான படி. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவர் இறங்க முடியாது.

"வளர்மதியக்கா, நீங்களும் இங்க வாங்க."

"எதுக்கு, டீ வெக்கப் போறியா?"

"இல்லீங்க்கா."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டி வரும் வரைக்கும், அவள் சிவநேசனின் கையிலிருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.