பன்னெண்டு தலை

"கருணைதான் நம்ம சங்கத்தோட மூச்சு!"

தலைவர் மைக்ல முழங்கிட்டிருக்கும்போதே குழந்தை வீல்னு கத்துச்சு.

மூச்சு நின்னுபோச்சு.

"சிஸ்டர்..." தலைவர் பல்லைக் காட்டினாரு. "குழந்தையைக் கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போறீங்களா? முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்."

அந்த முக்கியமான விஷயம் வேற ஒண்ணுமில்ல, குழந்தை வெச்சிருக்கிற மாணவிகளுக்கு ஆதரவு.

அந்தப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர் சங்கத்துல குழந்தை வெச்சிருக்கிற ஒரே உறுப்பினர் நம்ம கெமிஸ்ட்ரிக்காரிதான். வீட்டுக்காரருக்கு இன்னிக்குன்னு பார்த்து ஷிப்ட் மாத்திட்டாங்க. வேற வழியில்லாம இடுப்புல தூக்கிட்டு வந்திருந்தா.

"தலைவரே, அந்த ரூமைப் பத்திப் பேசணும்னுதான் நான் வந்ததே..."

"உங்களுக்காகப் பேசத்தானே நாங்க இத்தனை பேர் இருக்கோம்? நீங்க ஏன் சிரமப்படறீங்க?"

ரூம்னா பெரிய மாளிகை இல்ல. ஹாலை ஒட்டி, வராண்டாப் பக்கம் வாசல் வெச்ச ஒரு பொந்து. ஒடஞ்ச மைக் ஸ்டாண்டு, போன வருஷத்து பேனரு, கால் ஆடுற ஒரு நாற்காலி. ஆனா உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. லேப்ல ஆசிட் நெடி, லைப்ரரியில 'உஷ்ஷ்'. அந்தக் கட்டடத்துலயே அவ நிம்மதியா உக்காந்து பால் குடுக்கிற இடம் அது ஒண்ணுதான்.

அதைத்தான் இன்னிக்கு தலைவர் 'தாய்மார் ஆதரவுக் குழு அலுவலகம்' ஆக்கப் போறாரு. பெரிய மேஜை, சுத்துற நாற்காலி, சுவத்துல தலைவர் படம். தாய் எங்க உக்காருவான்னு கேக்கக் கூடாது. தாய்க்கு வாசல்ல ஆலோசனைப் பெட்டி வெப்பாங்க.

இன்னிக்கு விட்டா காரியம் கெட்டுது. இதுதான் இந்த நிர்வாகத்தோட கடைசிக் கூட்டம். அடுத்த வாரம் தேர்தல். ரிப்பன் வெட்டி போட்டோ புடிச்சாத்தான் தலைவர் மறுபடியும் தலைவர்.

அவ எழுந்து நடந்தா. கடைசி வரிசையில ஷரத்து உக்காந்து முறைச்சாரு.

ஷரத்துன்னா ஆளோட பேரு இல்ல. வாயத் தொறந்தா சங்க விதியில 'ஷரத்து ஏழு', 'ஷரத்து ஒம்போது'ன்னுதான் வரும், அதனால அப்படியே ஒட்டிக்கிச்சு. இரங்கல் கூட்டத்துல மௌனம் ரெண்டு நிமிஷம் முழுசா ஆகலைன்னு, உக்காந்தவங்களை எல்லாம் திரும்ப எழுப்பி நிறுத்தின புண்ணியவான். அவரு பக்கத்து நாற்காலி எப்பவுமே காலியாத்தான் இருக்கும்.

"என்ன ஷரத்து, கணக்கு சரியா இருக்கா?" தலைவர் நக்கலா கேட்டாரு.

"ஹாலுக்குள்ள பன்னெண்டு தலை இருந்தாத்தான் ஓட்டு செல்லும். ஷரத்து ஏழு." அவரு விரலை நீட்டி எண்ணினாரு. "இந்தம்மா போனாலும் பன்னெண்டு இருக்கு. நடத்துங்க."

'நல்லாருப்பீங்க'ன்னு மனசுக்குள்ள பொருமிக்கிட்டே அவ வராண்டா பெஞ்சுல போய் உக்காந்தா. குழந்தை அடங்கல. கதவு ஒருக்களிச்சிருந்துச்சு, உள்ள பேசறது எல்லாம் கேட்டுச்சு.

"அப்போ ரூம் விஷயத்தை ஓட்டுக்கு விட்டுடலாமா?"

பிஸ்கட்டு வாயோட நாலஞ்சு பேர் "விடலாம், விடலாம்"னாங்க.

அப்பதான் நாற்காலி ஒண்ணு தடார்னு விழுந்துச்சு.

"இது கூட்டமா, சந்தைக்கடையா?" ஷரத்துவோட குரல். "காது கிழியுது! இந்த அழுகைக்கு நடுவுல மனுஷன் உக்காருவானா? நான் போறேன்!"

"ஷரத்து, இருய்யா, கையத் தூக்கிட்டுப் போய்யா..."

கதவைப் பிளந்துக்கிட்டு வந்தாரு. அவ பெஞ்சோட ஓரத்துக்கு நகர்ந்தா. குழந்தையை மாரோட அணைச்சுக்கிட்டா. அவரு அவளைத் தாண்டிப் போய் படிக்கட்டுல சட்டமா உக்காந்துட்டாரு.

உள்ள தலைவர் கொதிச்சாரு. "பாத்தீங்களா? பச்சைப் புள்ள அழறதைப் பொறுத்துக்க முடியல! இதெல்லாம் ஒரு ஜென்மமா?"

படபடன்னு கைதட்டு.

அப்புறம் என்னமோ குசுகுசுன்னு பேச்சு. அடுத்த நிமிஷம் தலைவரே வேர்த்து விறுவிறுத்து வெளிய ஓடி வந்தாரு.

"சிஸ்டர்! என்ன சிஸ்டர் இங்க உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க!"

"புள்ள இன்னும் அழுவுதே தலைவரே..."

"அழட்டுமே! நம்ம புள்ள! அந்த ஆளு மாதிரி கல்நெஞ்சம்னு நினைச்சீங்களா எங்களை? குழந்தையைக் குடுங்க, நானே தூக்கிக்கறேன்!"

அவளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அய்யோ, இவரைப் போய் தப்பா நினைச்சோமே!

"இதோ வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க சிஸ்டர், நான் எல்லாரையும் உக்கார வெக்கிறேன்." உள்ள ஓடிட்டாரு.

அவ பையை எடுத்து தோள்ல மாட்டினா. படிக்கட்டுல இருந்து ஷரத்து எழுந்து நேரா அவகிட்ட வந்தாரு. இன்னும் திட்டு மிச்சம் இருக்கு போல.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. ரொம்ப சத்தம் போட்டுட்டான்."

அவரு அவளைப் பாக்கவே இல்ல. குனிஞ்சு, குழந்தையோட பாதத்தை ஒத்த விரலால தொட்டாரு.

"சத்தமா? இன்னும் கொஞ்சம் ஓங்கி அழுதிருக்கலாம்டா தங்கம். உள்ள பதினோரு தலைதான் இருக்கு. நீ அம்மாவைக் கூட்டிட்டு உன் ரூமுக்குப் போய், தாழ்ப்பாளைப் போட்டுட்டு, நிதானமா பால் குடி."