கம்பாலா நோயாளி

"வலிக்குதாடா, வமோனோ?" நர்ஸ் கைன்சா கேட்டாள்.

கால் ஒடிந்து கிடந்த ஆறு வயதுப் பையன் பல்லைக் கடித்தான். "இல்ல."

"நம்ம கிசு இனத்து ஆம்பளைங்க விருத்தசேதனச் சடங்குக் கத்திக்கே கண் சிமிட்டறதில்ல, சிஸ்டர்" என்றார் அப்பா, பெருமையாக.

வலியைச் சொல்லாதவனுக்கு எந்த அளவில் மருந்து கொடுப்பது? அப்பாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பையன் பக்கத்தில் இன்னொருவனைப் படுக்கவைத்தாள்.

"இவன் கம்பாலாக்காரன், நம்ம ஆளு இல்ல. இவனுக்கும் கால்தான். எப்படி வலிக்குதுன்னு நீயே கேட்டுச் சொல்லு."

வமோனோ காது கொடுத்துக் கேட்டான். தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தாங்க முடியலையாம்."

"வாயைத் திறக்க மாட்டேங்கிறான். அவனுக்காக நீ குடி."

மருந்து ஒரே மடக்கில் உள்ளே போனது. காலில் கட்டுப் போட்ட கரடி பொம்மையை அணைத்தபடியே பையன் தூங்கிப்போனான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒரு கையால் தன் முதுகைப் பிடித்தபடி மெல்ல அருகில் வந்தார்.

"அந்தக் கரடிக்கு முதுகும் வலிக்குதாம், சிஸ்டர்."