டம்ளரில் தெரிந்தது

ஆரணியை ஒட்டிய சேவூரில், ஸ்வர்ணலதா வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்து விற்கிறாள். பதினொரு மணிக்குள் அதைப் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தால்தான் ஆர்டர் வரும். வெயில் நேராக அடித்தால் குழம்பில் எண்ணெய் மட்டுமே தெரிகிறது என்று, சமையலறை ஜன்னலில் வெள்ளைப் பட்டுத் துணி ஒன்றைக் கட்டியிருந்தாள். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரியும்.

திங்களன்று எடுத்த படத்தில், இலைக்குப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரில் அவள் முகம் விழுந்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் புருஷன் பார்த்திபன் கரண்டியால் அடித்து அதைக் கிழித்தான். வியாழனன்று டம்ளரில் இடது கண் வீங்கியிருந்தது. டம்ளர் தெரிந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டாள். அப்படியும் சாயங்காலம் அதே கண் வீங்கியது.

இன்று எடுத்த படத்தில், டம்ளரில் தெரிந்த அவள் முகத்தில் ஒரு காயமும் இல்லை. கையில் அரிவாள்மனை இருந்தது. பின்னால் தரையில் பார்த்திபனின் கால்கள் கிடந்தன. ஜன்னல் பட்டு முழுக்க ரத்தம் தெறித்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். பட்டு வெள்ளையாகவே இருந்தது.

“இன்னும் இன்னாடி போட்டோ புடிச்சிகினு கீற? ஜல்தியா சோத்தப் போடு!” என்று கூடத்திலிருந்து பார்த்திபன் கத்தினான்.

“ஆச்சுங்க, உள்ள வாங்க” என்றாள்.

இந்த முறை படத்தை வெட்டாமல் அப்படியே போட்டாள். பிறகு ஸ்டூலில் ஏறி, ஜன்னல் பட்டை அவிழ்த்து, நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்தாள். நல்ல பட்டு. ரத்தக் கறை ஏறினால் போகாது.