மெக்கானிக்கின் ஷூ நாடா

"திங்கட்கிழமையோட சரி. அந்த மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு போட்டுடப் போறேன்" என்றேன்.

படகு கிளம்பி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பையில தொப்பியைத் தேடிக்கிட்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தா.

"நாலு நாள் லீவுல தீவுக்குப் போறோம். இங்கயும் அவர் பேச்சுதானா? பாவம், அந்த மனுஷன் உங்கள என்னங்க பண்ணார்?"

"என்ன பண்ணாரா? தினமும் என் ஓட்டத்தையே கெடுக்கறார்!"

எங்க மாடி வீட்டுக்காரர் அவர். லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் நான் நெஞ்சுவலியில ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தப்போ, "டாக்டர்தான் மெதுவா ஓடலாம்னு சொல்லிட்டாருல்ல? வாங்கண்ணே, சேர்ந்து ஓடுவோம்"னு கதவைத் தட்டினவர். அதை நான் இல்லேன்னு சொல்லல. மழை பெஞ்சாலும் அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நிப்பார்.

ஆனா மேடு ஏறி, தண்ணித் தொட்டி வந்துச்சோ இல்லையோ, "அண்ணே, ஒரு நிமிஷம்... நாடா அவிழ்ந்துடுச்சு"ன்னு குனிஞ்சுடுவார். ஒரு நாள், ரெண்டு நாள்னா போகட்டும். தினமும்! திரும்பி வர்றப்போ ஸ்கூல் சுவர்கிட்ட இன்னொரு தடவை! நான் அந்தப் பக்கம் திரும்பி வாட்சைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்.

"இருபது மாடி லிஃப்டைக் கம்பியில தொங்க விடற ஆளு. தன் ஷூவுக்கு ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடத் தெரியல. அவர் மட்டும் நிக்கலேன்னா நான் இன்னும் எவ்வளவோ தூரம் ஓடியிருப்பேன், தெரியுமா?"

"யாரு, நீங்களா? மருந்துக்கடையில மேல் தட்டுல இருக்கற டப்பாவை எடுத்தாலே உங்களுக்கு மூச்சு வாங்குது."

"அது வேற, இது வேற."

முடியலேன்னு நான் யார்கிட்டயும் வாய் விட்டுச் சொன்னதில்ல. மருந்து விக்கறவனே மூச்சிரைச்சு நின்னா, வாங்க வர்றவன் என்ன நினைப்பான்?

அடுத்த மாசம் பத்து கிலோமீட்டர் பந்தயம். மைதானத்துல வேகமா ஓடற பசங்க கூட்டம் ஒண்ணு இருக்கு. அதுல சேர்ந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மெக்கானிக்குக்கு ஒரு பரிசுகூட வாங்கியாச்சு: முடிச்சே போட வேண்டாத ரப்பர் நாடா, ஒரு ஜோடி. "இனிமே நாடாவும் அவிழாது, நானும் காத்துக்கிட்டிருக்க வேண்டாம்"னு சொல்லிக் கையில கொடுத்துட்டா முடிஞ்சுது.

மறுநாள் காலையில நான் கிளம்பறப்போ, என் பொண்ணு ஷூவோட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. ஒன்பது வயசு.

"நானும் வர்றேன். கலங்கரை விளக்கம் வரைக்கும்."

"மணல்ல ஓடணும்டா. உன்னால முடியாது."

"முடியும்!"

கவுத்துப் போட்ட படகுகளைத் தாண்டற வரைக்கும் எனக்கு முன்னாலதான் ஓடினா. அப்புறம் பக்கத்துல வந்தா. அப்புறம் பின்னால. திரும்பிப் பார்த்தா முகம் செக்கச் செவேல்னு இருக்கு, ஒரு கை விலாவைப் பிடிச்சுக்கிட்டிருக்கு.

"கண்ணு, கொஞ்சம் நிப்போமா?"

"எனக்கு ஒண்ணும்... களைப்பா... இல்ல!"

கத்தறதுக்கே மூச்சு இல்ல. ஆனா வீம்பு மட்டும் அப்படியே இருக்கு. யார்கிட்டேர்ந்துதான் வந்துச்சோ!

திரும்பிப் போலாம்னா அழுவா. தூக்கிக்கறேன்னா இன்னும் அழுவா. என்ன பண்றதுன்னு ஒண்ணும் புரியல. சட்டுனு நானே குனிஞ்சேன்.

"ஒரு நிமிஷம்டா. நாடா அவிழ்ந்துடுச்சு."

நல்லாத்தான் இறுகியிருந்தது. இழுத்து அவிழ்த்துட்டு, நிதானமா, துளை துளையா சரி பண்ணிக் கட்டினேன். அவ ஒரு பாறையில உட்கார்ந்து மூச்சு விட்டா. முகம் பழையபடி ஆனதும்தான் எழுந்தேன்.

இன்னும் ரெண்டு தடவை அப்படியே நின்னு நின்னு, கலங்கரை விளக்கத்துச் சுவரைத் தொட்டுட்டோம். அவ குதிச்ச குதியைப் பார்க்கணுமே! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

தங்கியிருந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா அம்மாகிட்ட ஓடினா.

"அம்மா, தொட்டுட்டேன்! ஆனா இந்த அப்பா இருக்காரே, ஷூ நாடா கட்டக்கூடத் தெரியலம்மா. மூணு தடவை அவிழ்ந்துடுச்சு! அப்பா மட்டும் நிக்கலேன்னா நான் இன்னும் எவ்வளவோ தூரம் ஓடியிருப்பேன்!"

சிரிக்க ஆரம்பிச்ச மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திட்டா.

"என்னங்க ஆச்சு?"

வாசப்படியில அப்படியே உட்கார்ந்துட்டேன்.

ஒரு வருஷம்! கடையில, தெருவுல, படகுலன்னு அந்த மனுஷனை எத்தனை பேர்கிட்ட எவ்வளவு கேலி பண்ணியிருப்பேன்! அத்தனையும் அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எப்பேர்ப்பட்ட மனுஷன்!

திங்கட்கிழமை. அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நின்னார். மேடு ஏறினோம். தண்ணித் தொட்டி வந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்... நாடா அவிழ்ந்துடுச்சு."

"மெதுவாவே கட்டுங்க மெக்கானிக். ஒரு அவசரமும் இல்ல" என்று தொட்டிச் சுவர்ல சாய்ஞ்சு நல்லா மூச்சு விட்டேன்.

அன்னிக்குத்தான் வாட்சைப் பார்க்காம, அவர் ஷூவைப் பார்த்தேன்.

ரெட்டை முடிச்சு. இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால நெம்பி நெம்பி, அதை அவிழ்க்கத்தான் பாடுபட்டுக்கிட்டிருந்தார்.