வளைச்சீங்களா, அப்படியே கொடுத்தீங்களா?

“சார், மணிக்கட்டுப் பட்டையை அப்படியே எடுத்துக் கொடுத்தீங்களா, இல்ல நோயாளியோட கைக்குத் தகுந்த மாதிரி வளைச்சு மாட்டினீங்களா?”

பில்லிங் அலுவலகத்திலிருந்து அவள் போனில் கத்தினாள்.

“வளைச்சுதான் மாட்டினேன் மேடம்” என்றார், மருத்துவமனையில் பட்டை பொருத்துகிறவர்.

“அதை எழுதித் தொலைச்சா என்ன? ரெண்டுக்கும் வேற வேற பில் கோட். எழுதலைன்னா இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திருப்பி அனுப்பிடறான்.”

“மறந்துட்டேன் மேடம்.”

“தினமும் மறப்பீங்களா?”

போனை வைத்ததும் பக்கத்து சீட் அக்கா சிரித்தாள். “எனக்கு வர்ற முழங்கால் பட்டை பில்லுக்கெல்லாம் மனுஷன் வரி விடாம எழுதறார். உனக்கு வர்ற கைப்பட்டைன்னா மட்டும் மறதி. திட்டு வாங்காம அவருக்குப் பொழுது போகாது போல!”

அப்போது மேலாளர் வந்தார். “நாளையிலேருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டாம். கம்ப்யூட்டரே கேட்டுக்கும்.”

அவள் உடனே மறுபடி அழைத்தாள்.

“நாளையிலேருந்து நான் கூப்பிட மாட்டேன் சார். கம்ப்யூட்டர்தான் கேக்கும்.”



“அப்போ... உன் குரல்?”

அதுவரை அடக்கி வைத்திருந்தது அவளுக்குப் பொங்கிவிட்டது. “எனக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு நீங்கதானேப்பா சொன்னீங்க, இனி என் குரலே இந்த வீட்டுல கேக்கக் கூடாதுன்னு?”

“வீட்டுலதானே கூடாதுன்னேன்” என்றார் அப்பா. “ஆஸ்பத்திரியிலயாவது கேக்கலாம்னுதான் எழுதாம விட்டேன். இனிமே... வீட்டுக்கே கூப்பிடும்மா.”