பதினேழாம் சுண்டெலியின் எடை

ஹங்கேரியின் பெச் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் செவ்வாய்தோறும் காலையில் சுண்டெலிகளுக்கு எடை போடுவது என் வேலை. வயிறு நிறைந்ததும் ‘போதும்’ என்று உணர்த்தும் மூளை ஏற்பி அவற்றுக்குக் கிடையாது. பிறக்கும்போதே இல்லாதபடி நாங்கள் செய்திருந்தோம். எடையும் இன்சுலினும் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஏறின. பதினேழாம் சுண்டெலி மட்டும் இருபத்து நான்கு கிராமிலேயே நின்று எங்கள் வரைபடத்தைக் கெடுத்தது. மார்ச்சில் அதைக் கொன்றேன். பதிவேட்டில் ‘நோய்’ என்று எழுதினேன். அதற்கு ஒரு நோயும் இல்லை.

அடுத்த செவ்வாய், பதினாறாவதை எடுத்துவிட்டுப் பதினெட்டாவதை வைப்பதற்கு முன், பூஜ்யம் காட்ட வேண்டிய காலி டப்பா தராசில் இருபத்தாறு கிராம் காட்டியது. தராசை மாற்றினேன். மறுவாரம் முப்பத்தொன்று. தராசின் எண்கள் தாமாகவே கணினிக்குப் போய்விடும். இவையும் பதினேழாம் வரிசையில் போய் அமர்ந்தன.

“ஏய் டுன்டே, இந்தப் பதினேழு கோட்டுல கச்சிதமா உக்காருதே! இதையா வேணாம்னு அடிச்சே?” என்றார் என்னோடு வேலை செய்யும் ஜோல்ட்.

“அது செத்துப்போச்சு, ஜோல்ட்.”

“செத்தது எங்கயாவது கொழுக்குமா? வா, மீன் சூப் ஆறிடும்.”

இன்று காலை நாற்பத்தைந்து. மூச்சுவிடும் உயிரை வைத்தால் ஆடுவதுபோல் எண் லேசாக ஆடியது.

“மன்னிச்சிடு. போதும், நிறுத்திக்கோ,” என்றேன் காலி டப்பாவிடம்.

போதும் என்பது அதற்கு எப்படி எட்டும்? எண் நாற்பத்தாறு ஆனது.