ஒலியை அணைத்துவிட்டு

அந்தப் பேய் விளையாட்டை மொத்தம் பதினெட்டு மணி நேரம் ஆடியிருப்பதாகக் கணினி காட்டியது. இன்னும் அந்த நிலவறையைப் பிரமிளாவால் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பேய் பின்னாலிருந்து வந்து கொன்றுவிடுகிறது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி லோகேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

"சத்தத்த அணைச்சுட்டு வெளயாடினா அது எந்தப் பக்கம் வருதுன்னு எப்படிக்கா தெரியும்? நீயெல்லாம் பிசிக்ஸ் படிச்சவ!"

அவனே ஒலியைக் கூட்டினான். இருட்டுக்குள் இடப்பக்கமாக ஒரு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பிரமிளா துப்பாக்கியைச் சட்டென்று திருப்பினாள். பேயின் நெற்றி குறிக்குள் வந்து நின்றது.

"சுடுக்கா!"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். மூச்சு நெருங்கி வந்தது.

"அப்பா தூக்கத்துல போகலடா," என்றாள். "போன வருஷம் சாவுக்கு நீ வந்து சேர்றதுக்கு முந்தின ராத்திரி முழுக்க இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கெடந்தார்."